ஆறுக்கு அப்புறம் எட்டு

என் தங்கை விசிலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். இப்போது இருக்கிற கோபத்தில் அந்த வரி பேனாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. போனில் பேசலாம் என்றால் மூன்று முறை அடித்தும் நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ குரல் கொடுத்திருக்கிற அந்தத் தியானப் பதிவை எங்கள் லாண்டரியில் போடுகிறார்கள். தினமும் மதியம் பன்னிரண்டே கால் மணிக்கு. சாப்பாட்டு இடைவேளையில் பன்னிரண்டு நிமிடத்தை வெட்டி எடுத்து, அதில் உன்னை வைத்திருக்கிறார்கள். நான் அரைச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை" என்று நீ சொல்வதைக் கேட்கிறேன். வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்.

இது எப்படி வந்தது என்றும் கேட்டுக்கொள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் நாங்கள் இருக்கிற இடம் உனக்குத் தெரியும். ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள் ஆறு, எதிரே உலர்த்துகிறவை நான்கு, நடுவில் படுக்கை விரிப்பைத் தேய்க்கிற பெரிய உருளை, அதற்கு அப்பால் நாங்கள் மடிக்கிற மேஜை. ஜன்னல் கிடையாது. வெப்பக் காற்றை வெளியே தள்ளுகிற காற்றாடி நின்று நான்கு மாதம் ஆகிறது. பஞ்சுத் தூசி மூக்கில் அடைக்கிறது, நீராவி முகத்தில் அடிக்கிறது, இரண்டு பேர் மயங்கியே விழுந்தார்கள். நாங்கள் இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டுக் காற்றாடி கேட்டோம். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு மூச்சுப் பயிற்சி கொடுத்தார். நாற்பது நாள் உள்ளமைதித் திட்டமாம். மனம் குளிர்ந்தால் உடம்பு குளிர்ந்துவிடுமாம். அவர் அறையில் ஏசி இருக்கிறது, அவர் மனம் ஏற்கெனவே குளிர்ந்துதான் கிடக்கிறது.

இதற்கு மேற்பார்வை வேறு. ரப்பர் செருப்பில் சத்தம் இல்லாமல் நடக்கிற ஒருவர் எங்களுக்கு மேற்பார்வையாளர். நாங்கள் வைத்த பெயர் பூனைக்கால். எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, அழுக்குத் துணி மூட்டைகள் மேலேயே எங்களை உட்கார வைத்துவிட்டு, கையில் ஒரு நோட்டோடு சுற்றி வருவார். யார் கண்ணைத் திறக்கிறார்களோ அவர்கள் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. அமைதியாக இருக்கிறோமா என்று ஒருவர் உளவு பார்க்கிற இடத்தில் யாருக்கு அமைதி வரும்? உருளையில் நிற்கிற என் தோழி முதல் நாளே குறட்டை விட்டாள். அவளுக்கு மட்டும் "மிக நன்று" என்று எழுதினார் அந்த மனுஷர்.

எனக்கு அன்றைக்கே மெமோ கிடைத்தது. அதற்குக் காரணம் நீ.

ஆரம்பத்தில் எனக்கு உன் குரல் என்றே தெரியவில்லை. தேன் தடவின மாதிரி இழுத்து இழுத்து யாரோ பேசுகிறாள், டிவியில் செய்தி வாசிக்கிறவளாக இருக்கும் என்று நினைத்தேன். தோளைத் தளர்த்துங்கள் என்றாய், தளர்த்தினேன். அப்புறம், "உங்கள் நெஞ்சு ஒரு சின்ன அறை. கதவைத் திறங்கள், காற்று வரட்டும். கதவைச் சாத்துங்கள், காற்று கொஞ்சம் உட்காரட்டும்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காற்று உட்காரும் என்று இந்த உலகத்தில் யார் சொல்வார்கள்? அடுத்தது எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது, பத்து. அவ்வளவுதான். "அடிப்பாவி!" என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். கூட்டு அமைதிக்குக் குந்தகம் விளைவித்ததற்காக மெமோ. வீட்டில் இருக்கிறது, அனுப்பி வைக்கட்டுமா?

யாரைக் கேட்டு அதை எடுத்தாய்? அது என்னுடையது. எனக்குப் பதின்மூன்று வயது, உனக்கு ஆறு. அம்மா வேலையிலிருந்து வருவதற்கு இருட்டிவிடும். மழை பிடித்துவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதே உன் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். மாடி ஏறுவதற்குள் உதடு நிறம் மாறும். கொடியில் காய்கிற துணிக்குக் கீழே உன்னை என் மடியில் சாய்த்து, உன் முதுகை என் நெஞ்சோடு ஒட்டி வைத்து, கதவைத் திற, கதவைச் சாத்து என்று நான்தான் சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பத்து எண்ணுகிற வரைக்கும் மெதுவாக ஊதடி என்பேன். ஆறு வரைக்கும் ஊதுவாய். ஏழு என்றதும் இருமல் வந்து எல்லாம் கெட்டுப்போகும், அழுவாய், அழுதால் இன்னும் மூச்சு அடைக்கும். அதனால்தான் ஒரு நாள், "ஏழுன்னு ஒண்ணு கிடையாதுடி, ஆறுக்கு அப்புறம் எட்டு" என்றேன். நீ நம்பினாய். முதன்முறையாகப் பத்து வரைக்கும் போனாய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லி ஏழு இருப்பது தெரிந்த அன்றைக்கு என்னோடு சண்டை போட்டாய். ஆனால் இளைப்பு வருகிறபோது மட்டும் நம் வீட்டில் ஏழு இல்லாமலேதான் எண்ணினோம்.

அதைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்கெல்லாம் விற்றுவிட்டாய். எங்கள் கிழிசல் தைக்கிற டெய்லர் ஒரு நியாயஸ்தர். "ஏழு எங்க சார் போச்சு?" என்று பூனைக்காலைக் கேட்டார். பூனைக்கால் மேலாளரைக் கேட்டு, மேலாளர் உங்கள் கம்பெனியைக் கேட்டு, பதில் வந்து, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஏழாம் எண்ணைத் தாண்டிச் செல்வது பண்டைய ஞானிகள் கண்ட உத்தியாம், பழக்கத்தின் பிடியிலிருந்து மனத்தை விடுவிக்குமாம். பண்டைய ஞானி இங்கே தலையணை உறை மடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர்களுக்குச் சொல்.

சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது. நீ என் தங்கை என்று உருளைத் தோழிக்கு மட்டும்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. "இவ்ளோ சாந்தமா பேசுது, உன் தங்கச்சியா?" என்றாள். உன் அத்தானிடம் சொன்னேன். "போகட்டும் விடு, நல்ல காரியத்துக்குத்தானே சொல்லுது" என்கிறார். அவருக்கு என்ன, பூகம்பம் வந்தாலும் போகட்டும் விடு என்பார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் நீ பேசியதை நான் மறக்கவில்லை. நல்ல அலுவலக வேலையை விட்டுவிட்டேன், குரல் வேலைக்குப் போகிறேன் என்றாய். நான் கத்தினேன். உண்மைதான். அந்தக் குளிர் தேசத்தில், தனியாக, அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, மருத்துவச் செலவை ஏற்கிற வேலையை விட்டால் யார்தான் கத்த மாட்டார்கள்? அதற்கு நீ என்ன சொன்னாய்? "அக்கா, உனக்குக் கோபம் ஒரு வியாதி. முதல்ல நீ மூச்சு விடக் கத்துக்கோ" என்றாய். என்னைப் பார்த்து! "என் கோபத்துலதான்டி நீ வளர்ந்தே" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்கப்புறம் மாதம் ஒரு செய்தி அனுப்புகிறாய். "நலம். நீ நலமா?" தந்தி அடிக்கிறவர்கள்கூட இதைவிடத் தாராளமாக எழுதுவார்கள்.

(மேலே உள்ளதை எழுதி மடித்துக் கைப்பையில் வைத்து ஒன்பது நாள் ஆகிறது. கோபம் ஆறட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று உன் அத்தான் சொன்னார். நல்லவேளை, அனுப்பவில்லை. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. அதுவும் உன்னிடம் வந்து சேரட்டும். மீதியை இப்போது எழுதுகிறேன்.)

ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லாதே. இந்தப் பன்னிரண்டு நிமிடம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. பதினைந்தாம் நாள் வாக்கிலேயே பன்னிரண்டு மணி ஆனதும் கையை வேகமாகக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். உள்ளமைதி வந்ததா என்று கேட்காதே. இயந்திரம் எல்லாம் நின்றதும் அந்தக் கூடத்தில் ஒரு நிசப்தம் விழும் பார், இருபது வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. அந்த நிசப்தத்தில் நீ வருவாய். என்னோடு பேசாத தங்கை தினமும் பன்னிரண்டு நிமிடம் பேசுகிறாள், நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்கிறேன். நம் வாழ்க்கையில் இப்படி நடந்ததுண்டா? வீட்டிலும் நான் கத்துவது குறைந்திருக்கிறதாம். உன் அத்தான் இரண்டு நாளாக எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

கத்தாமல் உட்கார்ந்து கேட்டதில்தான் எனக்கு அது பிடிபட்டது.

முதல் வாரம் நீ ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாய். மூன்றாம் வாரத்தில் நான்குக்கு அப்புறம் ஒரு விழுங்கல். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அந்த விழுங்கலைப் பக்கத்து அறையில் இருந்தாலும் கண்டுபிடித்து ஓடி வந்தவள் நான். சளியாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பழைய பதிவாகக்கூட இருக்கலாம் என்று பூனைக்காலிடம் போய் நயமாக விசாரித்தேன். "இல்லம்மா, தினமும் புதுசா பதிவு பண்ணித்தான் அனுப்புறாங்க" என்றார். நான்காம் வாரம் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. "தோளை... தளர்த்துங்கள்." பின்னணி இசையைக் கூட்டியிருக்கிறார்கள். உருளைத் தோழி, "இந்த வாரம் புல்லாங்குழல் சேர்த்திருக்காங்க, மெலிசா, நல்லாருக்குல்ல?" என்றாள்.

புல்லாங்குழலாம். அது என் தங்கை நெஞ்சு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உனக்கு விசில் என்று பெயர் வைத்தவளே நான்தானே.

அன்றைக்குக் கழிப்பறையில் நின்று அழுதேன். அழுதது வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் காது இல்லையா? மூச்சு விட முடியாத பெண்ணை உட்கார வைத்து, மூச்சு விடுவது எப்படி என்று ஊருக்குச் சொல்லவைத்து, மூச்சு இரைக்கிற இடத்தில் எல்லாம் இசையை ஏற்றி மூடியிருக்கிறார்கள். எங்கள் மேலாளர் காற்றாடிக்குப் பதில் உன்னை வாங்கினார், அவர்கள் உனக்கு மருத்துவரைக் காட்டுவதற்குப் பதில் இசை வாங்கியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்.

அவர்களைவிட எனக்கு உன் மேல்தான் கோபம். நீ ஏன் போனை எடுக்கவில்லை என்று எனக்கு இப்போது புரிந்துவிட்டது. பதினோரு மாதமாக வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீம்பு எனக்குத்தான். நீ என்னோடு இரண்டு வாக்கியம் பேசினால் போதும், எனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து எடுக்காமல் இருந்திருக்கிறாய். எழுத்துக்கு இரைப்பு கிடையாது. அதனால்தானே "நலம்"? வேலையை விட வேண்டாம் என்று அக்கா அப்போதே கத்தினாள், இப்போது உண்மையைச் சொன்னால் பார்த்தாயா என்பாள் என்று நினைத்தாயா? சரி, சொல்வேன்தான். பத்து முறை சொல்வேன். சொல்லிவிட்டு உன்னை மடியில் சாய்த்துக்கொள்ள மாட்டேனா? எப்போதாவது சாய்த்துக்கொள்ளாமல் இருந்திருக்கிறேனா?

நேற்று முப்பத்தொன்றாம் நாள். அதைச் சொல்லத்தான் இந்த மீதிக் கடிதம். இயந்திரங்களை நிறுத்தினார்கள், உட்கார்ந்தோம். கதவைத் திறங்கள் என்றாய், பாதி காற்றுதான் வந்தது. எண்ண ஆரம்பித்தாய். ஐந்து. ஆறு. அப்புறம் ஒன்றும் இல்லை. இசையும் இல்லை, யாரோ ஏற்ற மறந்துவிட்டார்கள் போல. நான் காத்திருந்தேன். எனக்கு மறுபடியும் பதின்மூன்று வயது ஆகிவிட்டது, என் நெஞ்சோடு ஒட்டின உன் முதுகு தெரிந்தது. என்னை அறியாமல், "எட்டு" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பூனைக்கால் நோட்டைத் திறந்துகொண்டு என் பக்கம் வந்தார். அதற்குள் பின்னால் இருந்து டெய்லர், "ஒன்பது" என்றார். உருளைத் தோழி "பத்து" என்றாள், அவளோடு சேர்ந்து இன்னும் பத்துப் பேர் சொன்னார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முப்பது நாள் பழக்கம், பாதியில் நின்றால் பொறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த பூனைக்கால் நோட்டை மூடிவிட்டார். பதிவில் உன் குரல் மறுபடி வரவே இல்லை. இன்றைக்குத் திட்டத்தின் முதல் நாள் பதிவையே திரும்பப் போட்டார்கள். புதுப் பதிவு இன்னும் வரவில்லையாம்.

இப்போது நான் சொல்வதை அடம் பிடிக்காமல் செய். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே டாக்டரிடம் போ. மறுநாள் என்று வைக்காதே, அன்றைக்கே. பேச முடியாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. மொழி புரியாவிட்டாலும் உன் நெஞ்சில் காது வைத்தால் அவருக்குப் புரியும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் உன் சாவி ஒன்றைக் கொடுத்து வை. பதிவு அறைப் பக்கம் போகாதே. ஊர் அமைதியாக இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

உன் தொலைபேசியில் தினமும் உன் நேரத்துக்குச் சாயங்காலம் ஒரு அழைப்பு வரும். எடு. நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம், நலம் என்று பொய் சொல்லவும் வேண்டாம். காதில் வைத்துக்கொண்டால் போதும். நான் கத்த மாட்டேன். உன் பதிவைக் கேட்டுக் கேட்டே கத்தாமல் இருக்கப் பழகியிருக்கிறேன், பரீட்சை வைத்துப் பார். நான் எண்ணுகிறேன், நீ ஊது. எத்தனை நேரமானாலும் எண்ணுகிறேன்.

நீ எடுக்கவில்லை என்றால் பத்து நாளில் நான் உன் வாசலில் நிற்பேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. உன் அத்தான் விசாவுக்குக் கொடுத்துவிட்டார். விடுமுறை விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. காரணம் என்ற இடத்தில் "மூச்சு" என்று மட்டும் எழுதினேன். திட்டம் வேலை செய்கிறது என்று மகிழ்ந்துபோய் மேலாளர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விசில், என் தங்கமே, நீ நூறு வயது இருக்க வேண்டும். எனக்காக நீ எட்டை எட்டவும் வேண்டாம், பத்தைத் தொடவும் வேண்டாம். ஆறு வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே நில். அதற்கு அப்புறம் இருப்பதை நான் சொல்கிறேன்.

கதவைத் திறந்து வைத்திரு.

உன்மேல் தீராக் கோபத்துடன்,
அக்கா